இரண்டு குறிப்பேடுகள்: ஜான் நியூட்டனின் தன்னாய்வும் அதன் இருட்டு மூலையும்

1752 டிசம்பர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ‘ஆப்பிரிக்கன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் நிற்கிறது. அதன் கேப்டனுக்கு வயது 27. அன்று நடந்ததைக் கப்பல் நாட்குறிப்பில் அவரே எழுதிவைக்கிறார். தேவ பராமரிப்பின் தயவால் ஒரு சதி வேளையோடு வெளிப்பட்டது என்று குறிப்பு தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் விலங்கிட்டு வைத்திருந்த அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் விலங்கைக் கழற்றப் பார்க்கும்போது பிடிபட்டார்கள். தேடியதில் கத்திகள், கற்கள், குண்டுகள், ஓர் உளி எல்லாம் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தது நான்கு சிறுவர்கள். அந்தச் சிறுவர்களை விலங்கில் போட்டு, கட்டைவிரலை இடுக்கித் திருகும் இரும்புக் கருவியையும் ‘இலேசாக’ மாட்டியதாக எழுதுகிறார். எதற்கு? அவர்கள் முழுமையாக அறிக்கையிட வேண்டும் என்பதற்கு. அங்கே அவர் போட்டிருக்கும் சொல், ஆங்கிலத்தில் பாவ அறிக்கைக்கு வழங்கும் அதே சொல்.

அதே கேப்டன் இன்னொரு குறிப்பேடும் வைத்திருந்தார். அது 1751 டிசம்பரில் தொடங்கியது. முதல் பக்கத்திலேயே, இந்தக் கறைபடாத வெள்ளைத் தாள்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன், கூடவே கறைபட்ட என் இருதயத்தையும் மறுபடி ஒப்புக்கொடுக்கிறேன் என்று எழுதினார். ஜெபத்தில் மனம் எப்படி இருந்தது, வேதத்தை வாசிக்கும்போது எங்கே குளிர்ந்துபோனது, எடுத்த தீர்மானங்களில் எது நின்றது எது விழுந்தது என்றெல்லாம் தன்னையே விசாரித்துக்கொண்ட குறிப்பேடு அது.

அவர் பெயர் ஜான் நியூட்டன். ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகமெங்கும் பாடப்படும் பாட்டை எழுதியவர். அவருடைய மனமாற்றக் கதை பலருக்கும் தெரியும். புயல் வந்தது, ஜெபித்தார், இரட்சிக்கப்பட்டார், அடிமை வியாபாரத்தை விட்டார், பாட்டெழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லிக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அப்படி ஓடவில்லை. இந்த ஆய்வு அந்த இரண்டு குறிப்பேடுகளைப் பற்றியது. தினமும் தன்னைத்தானே உண்மையாகச் சோதித்துக்கொண்ட ஒரு மனிதருக்கு, தன் காலடியில், பலகைத் தளத்துக்குக் கீழே இருந்தது தெரியாமல் போனது எப்படி? கிருபை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது?

புயல் வரைக்கும்

முன்கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1725-இல் லண்டனில் பிறந்தார். ஏழு வயது நிறைவதற்குள் தாய் காசநோயில் இறந்துபோனார். தகப்பன் கப்பல் தலைவர். 11 வயதில் மகனும் கடலேறினான். பிறகு கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, ஓடப்பார்த்து, பிடிபட்டு, சாட்டையடி வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குப் போய், அந்த வீட்டிலேயே ஏறக்குறைய அடிமையாகப் பசியிலும் நோயிலும் கிடந்தார். கூட இருந்த மாலுமிகளே கூசும் அளவுக்குத் தேவதூஷணம் பேசுகிறவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ கப்பல் வட அட்லாண்டிக்கில் புயலில் சிக்கியது. தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும்போது, இதுவும் உதவாவிட்டால் கர்த்தர்தான் நமக்கு இரங்கவேண்டும் என்று அவர் வாயில் தற்செயலாக வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே திடுக்கென்றது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இரக்கம் என்ற சொல் தன் வாயிலிருந்து வந்திருக்கிறது, எனக்கு என்ன இரக்கம் இருக்க முடியும் என்று யோசித்தார். கப்பல் எப்படியோ அயர்லாந்து கரை சேர்ந்தது. அந்த நாளை அவர் சாகும்வரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். ஆனாலும், முழு அர்த்தத்தில் விசுவாசி என்று தன்னை அந்த நாளிலிருந்து எண்ண முடியாது, அதற்கு இன்னும் வெகுகாலம் பிடித்தது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். சாட்சி சொல்லும்போது இந்த வரியை நாம் விட்டுவிடுகிறோம்.

கெட்ட வார்த்தை நின்றது. தேவதூஷணம் நின்றது. வியாபாரம் நிற்கவில்லை. சொல்லப்போனால் கேப்டன் பொறுப்பே அதற்குப் பிறகுதான் வந்தது. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். முதலில் ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’, அப்புறம் இரண்டு முறை ‘ஆப்பிரிக்கன்’. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளில் விற்கிற பயணங்கள். கப்பல் நாட்குறிப்பில் வாங்கப்பட்டவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இறந்தவர்களும் எண்ணாகவே கடலில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

எட்டு, எட்டு, எட்டு

கடலில் இருந்த நாட்களில் நியூட்டன் ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் எட்டு மணி நேரம், நடமாட்டத்துக்கும் தியானத்துக்கும் எட்டு, புத்தகங்களுக்கு எட்டு. லத்தீனைத் தானாகவே படித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவி மேரிக்கு மனமுருகிக் கடிதம் எழுதினார். கினியாவுக்கு, அதாவது அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கடைசி இரண்டு பயணங்களில்தான் தேவனோடுள்ள ஐக்கியம் தனக்கு மிக இனிமையாகவும் அடிக்கடியும் வாய்த்தது என்று பின்னால் எழுதினார்.

இதைப் படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது, இந்த ஆள் வேஷக்காரன் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த முடிவு நமக்கு வசதியானது என்று தெரிகிறது. வேஷக்காரனுக்கு உள்ளே ஒன்று தெரியும், வெளியே வேறொன்றைக் காட்டுவான். நியூட்டன் அப்படி எதையும் மறைக்கவில்லை. சிறுவர்களின் கட்டைவிரலில் கருவி மாட்டியதை அவரே, தன் கையாலேயே, தேவ பராமரிப்புக்கு நன்றி சொல்லிய அதே பத்தியில் எழுதினார். மறைக்க அங்கே ஒன்றும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. உண்மையாகத்தான் இருந்தார். நம்மைக் கலங்கவைக்க வேண்டியது அதுதான்.

“என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் பல வருடம் ஒரு தாழ்மைப் பேச்சாகவே வாசித்திருக்கிறேன். இந்தக் கப்பலை மனதில் வைத்து வாசித்தால் அது எச்சரிக்கையாகக் கேட்கிறது. மனசாட்சி சும்மா இருக்கிறது என்பதற்கும் குற்றம் இல்லை என்பதற்கும் இடையே ஒரு கப்பல் போய்வரும் அளவுக்கு இடம் இருக்கிறது.

பிடிக்கவில்லை, ஆனால் தவறில்லை

இந்த நிகழ்வில் நான் அதிகம் நின்று பார்த்த இடம் இது.

1764-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் நியூட்டன் அந்த வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறார். அதில் இருந்த காலமெல்லாம் அது நியாயமானதா என்று தனக்கு ஒரு சிறு சந்தேகம்கூட வந்ததில்லை என்கிறார். தேவ பராமரிப்பு தனக்கு வகுத்த வேலை என்றுதான் எண்ணினாராம். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். தன்னை ஒருவகைச் சிறைக்காவலனாகவே நினைத்துக்கொண்டதாகவும், சங்கிலியும் பூட்டும் விலங்குமாகவே கழியும் பிழைப்பை நினைத்துச் சில சமயம் அதிர்ந்துபோனதாகவும், இதைவிட மனிதத்தன்மையுள்ள தொழிலில் தன்னை நிறுத்தும்படி ஜெபித்ததாகவும் சொல்கிறார்.

கவனித்துப் பாருங்கள். மனசாட்சி ஊமையாக இல்லை. அது பேசியது. ஆனால் ‘இது தவறு’ என்று அவர் காதில் விழவில்லை, ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று விழுந்தது. உறுத்தலை அவர் தன் மனச்சோர்வின் கணக்கில் எழுதிக்கொண்டார். சங்கிலியின் சத்தம் தன்னை வருத்துகிறது என்று தெரிந்தது, சங்கிலி யார் காலில் இருக்கிறது என்று கேட்கவில்லை. ஜெபமும் அப்படியே அமைந்தது. என்னை இங்கிருந்து எடுத்துவிடும் என்று கேட்டார். அவர்களை விட்டுவிடு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கப்பலில் அவர்தான்.

தன்னாய்வு அவருக்கு ஒரு வெப்பமானி மாதிரி ஆகிவிட்டிருந்தது. இன்று இருதயம் சூடா, குளிரா, ஜெபம் ஓடியதா, தடைப்பட்டதா என்று அளந்துகொண்டே இருந்தார். இருதயத்தின் அனலை அளக்கிறவன் அறையைவிட்டு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். எவ்வளவு உண்மையாக வேண்டுமானாலும் செய்யலாம். நல்ல மனதோடு செய்தால் கண்ணீர்கூட வரும்.

அவர் பாவப் பட்டியலையும் பார்க்க வேண்டும். இளமையில் எதில் விழுந்தாரோ, தூஷணம், அவிசுவாசம், ஒழுக்கக்கேடு, அதையே பட்டியலாக வைத்துக்கொண்டு தினமும் சரிபார்த்தார். எதிலிருந்து மீட்கப்பட்டோமோ அதையே காவல் காக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பழைய ஓட்டையில் ஆள் நிறுத்திவிட்டுப் புது வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவோம்.

இங்கே என் கதை ஒன்று. சின்னதுதான். நானும் சில வருடங்கள் இப்படி ஒரு குறிப்பேடு எழுதினேன். இந்த ஆய்வுக்காக அதை எடுத்துப் புரட்டினேன். ‘ஜெபத்தில் மனம் அலைந்தது’ என்ற வரி, அல்லது அதைப் போன்ற ஒன்று, ஏறக்குறைய எல்லா வாரத்திலும் இருக்கிறது. அதே காலத்தில் என் அண்ணன் போனில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. பண விஷயத்தில் வந்த பேச்சு. யார் சரி என்பது இங்கே முக்கியமில்லை. அண்ணன் பெயர் அந்தக் குறிப்பேட்டில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. ‘அண்ணன் விஷயம் நினைவுக்கு வந்து தியானம் கெட்டது’ என்று எழுதியிருக்கிறேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. என்னுடைய சங்கிலிச் சத்தம் அது. எனக்குக் கேட்டதென்னவோ தியானம் கெட்டது மட்டும்தான்.

அதே காலத்தில் இன்னொருவர்

அந்தக் காலத்தில் யாருக்குமே அது தவறென்று தெரியாது, அப்படி இருக்க நியூட்டனை மட்டும் கேட்பதேன் என்று சொல்வார்கள். அது சரியல்ல. நியூட்டனைவிட ஐந்து வயது மூத்தவர் ஜான் உல்மன். 1720-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர். 20 வயதைக் கடந்த சமயத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி தன் வீட்டு அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரத்தை எழுதச் சொன்னார். வாங்குகிறவர் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறார். உல்மனுக்கு மனம் கலங்கியது. ஆனாலும் எழுதினார். எழுதிவிட்டு, அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்தோடு ஒத்துவராது என்று இருவர் முன்னாலும் சொன்னார். அடுத்த தடவை கேட்டபோது எழுத மறுத்தார். இன்னொருவர் தன் உயிலில் அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக் கூப்பிட்டபோதும் மறுத்தார்.

அடிமை முறைக்கு எதிரான அவருடைய முதல் கட்டுரை அச்சேறியது 1754-இல். நியூட்டன் கடைசியாகக் கப்பலை ஓட்டிய அதே வருடம். 1758-இல் பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக்கூட்டம் அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது.

உல்மனும் நாட்குறிப்பு எழுதியவர்தான், உள்மனதைத் துருவியவர்தான். வித்தியாசம் அவர் விளக்கைப் பிடித்த திசையில். என் பேனா எதை எழுதியது, என் சட்டைக்குச் சாயம் எங்கிருந்து வந்தது, என் வாயில் இருக்கும் சர்க்கரையை யார் விளைவித்தது என்று கேட்டார். பிறகு சாயமிடாத துணி உடுத்தினார், சர்க்கரையை விட்டார். அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால் அவர்களுடைய வேலைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். 1772-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அறையின் வெளிப்புறத்தில் இருந்த வீண் அலங்காரச் செதுக்கல்களைப் பார்த்துவிட்டு, அந்த அறை வேண்டாம் என்று கீழே மாலுமிகளோடு படுத்துப் பயணம் செய்தார். கொஞ்சம் மிகையான ஆள் என்று தோன்றலாம். எனக்கும் அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவருடைய மனசாட்சிக்குக் கையும் காலும் இருந்தன.

நியூட்டனுக்கு இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால்? இது தவறாயிருக்கலாம் என்ற எண்ணத்தை எந்த நண்பரும் எனக்கு ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். 1754-இல் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் கிட்ஸில் அலெக்சாண்டர் கிளூனி என்ற பக்தியுள்ள கேப்டனைச் சந்தித்தார். ஏறக்குறைய ஒரு மாதம் மாலைதோறும் இருவரும் மாறிமாறி ஒருவர் கப்பலில் மற்றவர் போய் உட்கார்ந்து பேசினார்கள். கிருபையைப் பற்றியும், அது தன்னைக் கைவிடாது என்ற நிச்சயத்தைப் பற்றியும் நியூட்டன் அங்கேதான் தெளிவாகக் கற்றுக்கொண்டார். கொண்டுவந்த மனிதர்களை விற்கிற துறைமுகம் அது. தாவீதுக்கு ஒரு நாத்தான் வந்தார், “நீயே அந்த மனுஷன்” என்றார். அதுவரை தாவீது வேறொருவனுடைய ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தார். கிளூனி நல்ல நண்பர், நாத்தான் இல்லை.

விட்டது மனசாட்சியால் அல்ல

1754 நவம்பர். அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. மனைவியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு மாதிரி வந்து, ஒரு மணி நேரம்போல நினைவில்லாமல் கிடந்தார். வைத்தியர்கள் கடற்பயணம் கூடாது என்றார்கள். பொறுப்பை விட்டார். அவ்வளவுதான். அடிமைக் கப்பலிலிருந்து நியூட்டன் இறங்கியது மனந்திரும்புதலால் அல்ல, உடம்புக்கு முடியாமல் போனதால். அதற்கு முந்தி, உயிர்ச்சேதம் எதுவும் இல்லாமல் ஓர் ஆப்பிரிக்கப் பயணத்தை முடித்ததற்காக லிவர்பூல் ஆலயங்களில் அவர் ஸ்தோத்திரம் செலுத்தியதும், ஊரே அதைப் பேசியதும் நடந்திருக்கிறது.

பிறகு லிவர்பூலில் சுங்கத் துறையில் வேலை, 1764-இல் குருப்பட்டம், ஓல்னி என்ற ஊரில் ஊழியம். 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக அந்தப் பாட்டை எழுதினார். பிரசங்க வசனம் முதலாம் நாளாகமம் 17-ஆம் அதிகாரத்தில் தாவீது, நான் எம்மாத்திரம், என் வீடும் எம்மாத்திரம் என்று சொல்லும் இடம். பாட்டில், குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்று யோவான் ஒன்பதாம் அதிகாரத்துப் பார்வையற்றவனின் வார்த்தைகள் வருகின்றன. அதைப் பாடும்போது அவர் கப்பலைவிட்டு 18 வருடம் ஆகியிருந்தது. அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் பொதுவில் வாய்திறக்க இன்னும் 15 வருடம் இருந்தது.

எனக்கு இந்த இடத்தில் மாற்கு எட்டாம் அதிகாரத்து பெத்சாயிதா குருடன்தான் நினைவுக்கு வருகிறான். இயேசு ஒரு தரம் கைவைத்த பிறகு, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர்கள் நடமாடுகிறார்கள், ஆனால் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான். பார்வை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மனிதன் மனிதனாகத் தெரிய இரண்டாம் தரம் கைவைக்க வேண்டியிருந்தது.

1788

1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர், மனம் மாறி, அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு, அப்போது லண்டனில் போதகராயிருந்த நியூட்டனைத் தேடி வந்தார். உள்ளே நுழையத் துணிவில்லாமல் வெளியே சதுக்கத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். அரசியலிலேயே இரு, அங்கே தேவன் உன்னைப் பயன்படுத்துவார் என்றார் நியூட்டன். அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கம் சூடுபிடித்தபோது, 1788-இல், 62 வயதில், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றிய தன் எண்ணங்களை ஒரு துண்டுநூலாக வெளியிட்டார்.

இதுதான் அவருடைய உண்மையான பாவ அறிக்கை. பகிரங்கமாக ஒப்புக்கொண்டு வெட்கத்தை ஏற்றுக்கொள்ள மனசாட்சி தன்னைக் கட்டாயப்படுத்துகிறது என்கிறார். அது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், தான் உடந்தையாயிருந்த துன்பத்தைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குக் காலம் கடந்து வருகிறது என்கிறார். இப்போது நினைத்தால் நெஞ்சு நடுங்கும் ஒரு தொழிலில் தான் கருவியாயிருந்தது என்றென்றும் தன்னைத் தாழ்த்தும் நினைவாக இருக்கும் என்கிறார். இதிலெல்லாம் சமாதானம் சொல்லும் தொனி இல்லை.

அப்புறம் பார்த்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். கீழ்த்தளத்தில் மனிதர்களை இரண்டு வரிசையாக, ஒருவரோடொருவர் ஒட்ட, அலமாரியில் புத்தகம் அடுக்குவது மாதிரி படுக்கவைப்பது. கப்பலில் ஏற்றப்படும் பெண்களுக்கு வெள்ளைக்காரர்கள் செய்வது. அழுது தூக்கத்தைக் கெடுத்ததற்காகத் தாயின் கையிலிருந்து குழந்தையைப் பறித்துக் கடலில் எறிந்த ஓர் அதிகாரி. 36 வருடம் முந்தி கப்பல் நாட்குறிப்பில் எண்ணாக இருந்தவர்கள் இங்கே அழுகிறார்கள், நடுங்குகிறார்கள். அலமாரியின் உவமையைக் கண்டுபிடித்தவர், தினமும் எட்டு மணி நேரம் புத்தகங்களோடு அந்தத் தளத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்.

பிரதிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போய்ச் சேர்ந்தன. அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன்னும், பிறகு நாடாளுமன்றக் குழு முன்னும் போய்ச் சாட்சி சொன்னார். இந்தச் சாட்சியில் புயல் இல்லை.

கிருபை எங்கே?

1748-இல் கிருபை பெற்றவருக்கு 1788 வரை ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு பாதிப் பதில்தான். நியூட்டனுக்கு 62 வயதில் இழப்பதற்கு நிறைய இருந்தது. பேர்போன போதகர், பல சபையாரும் ஆலோசனைக்குத் தேடிவரும் மூப்பர். தன் கணக்கு சுத்தமாயிருந்தால்தான் தேவன் தன்னை ஏற்பார் என்று நம்புகிறவன் அப்படிப்பட்ட நிலையில் பழைய நாட்குறிப்பைத் திறக்கமாட்டான். திறந்தால் நிற்க இடமில்லை. நியூட்டனுக்கு நிற்க இடம் இருந்தது, அது 40 வருடத்துக்கு முன்பே அவர் சம்பாதிக்காமல் கிடைத்தது. நாம் பாவிகளாயிருக்கையில் என்ற ரோமர் ஐந்தாம் அதிகாரத்துச் சொல் இல்லாமல் 1788-ஐ விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே கிருபை திரைச்சீலையாகவும் தொங்கியது. 1764 தன்வரலாற்றில் வாசகன் புயலையும் மீட்பையும் பார்த்து உருகிப்போகிறான். கீழ்த்தளத்தை எட்டிப்பார்க்கத் தோன்றுவதில்லை. மன்னிக்கப்பட்டேன் என்ற நிச்சயம் ஒருவனைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். நியூட்டனுக்குள் இரண்டும் நடந்தன. அதை நேராக்கி எழுத நான் முயலவில்லை.

மறுபக்கத்து நோயும் இருக்கிறது. பிற்பாடு இயேசு சபையை நிறுவிய லோயோலா இக்னேஷியஸ் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்பத் தோண்டி, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனார். பிறகு அவர் வகுத்த தினசரி ஆய்வில் முதல் படி பாவக் கணக்கல்ல, பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, தன் பாவத்தைப் பார்க்கக் கிருபை கேட்பது. கணக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. பார்வையே நம் கையில் இல்லை, கேட்டு வாங்க வேண்டியது என்பது அந்த வரிசைக்குள் இருக்கிறது. “மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்” என்ற 19-ஆம் சங்கீதமும் அதைத்தான் கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு கேப்டனின் ஆத்துமா எப்படி வளர்ந்தது என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டோம். கீழே கிடந்தவர்களுக்கும் ஆத்துமா இருந்தது. அவர்கள் இவருடைய ஆவிக்குரிய பாடத்துக்காக அங்கே இல்லை. இந்த நிகழ்வை எடுத்து ஆராயும் எனக்கும் அந்த ஆபத்து உண்டு.

கல்

1788 துண்டுநூலில் கட்டைவிரல் கருவியும் வருகிறது. மணிக்கணக்காக, நாள்கணக்காகக்கூட அந்த வேதனையில் துடித்தவர்களைக் கண்டிருக்கிறேன் என்று எழுதுகிறார். கண்டிருக்கிறேன் என்கிறார். 1752 நாட்குறிப்பில் மாட்டச் சொன்னவர் அவரே. அவருடைய மிகச் சிறந்த அறிக்கையிலும் அந்த வினைச்சொல் இடம் மாறவில்லை. அவரைக் குற்றக்கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. என் அண்ணனுக்கு நான் கடைசியில் போன் செய்தபோது, ‘நமக்குள்ளே கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது’ என்றுதான் என் வாயிலும் வந்தது. இடைவெளி தானாக விழுந்த மாதிரி.

அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டத்துக்கு 1807 மார்ச் 25 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. நியூட்டன் அப்போது ஏறக்குறையப் பார்வை இழந்திருந்தார். அந்த டிசம்பர் 21-இல் இறந்தார். தன் கல்வெட்டு வாசகத்தை அவரே எழுதிவைத்திருந்தார். ஒருகாலத்தில் அவிசுவாசியும் துன்மார்க்கனும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனுமாயிருந்தவன், நம்முடைய கர்த்தரும் இரட்சகருமான இயேசு கிறிஸ்துவின் மிகுந்த இரக்கத்தால் காக்கப்பட்டான், மீட்டெடுக்கப்பட்டான், மன்னிக்கப்பட்டான், தான் வெகுகாலம் அழிக்கப் பார்த்த விசுவாசத்தையே பிரசங்கிக்க நியமிக்கப்பட்டான் என்று அதில் இருக்கிறது. அடிமைகளுக்கு ஊழியன் என்பது, இளமையில் அந்த வியாபாரியின் வீட்டில் அவர் தாமே பட்ட பாட்டைக் குறிக்கிறது. அவர்களை வாங்கி விற்ற நான்கு வருடங்கள் கல்லில் இல்லை. மன்னிக்கப்பட்டான் என்பது இருக்கிறது.